வமிசமும் வீட்டுறுதியும்

(மருதமுனையில் ஆற்றிய உரை)



சோனகர் அராபியரா, தமிழரா என்ற வழக்கு பழையது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று கொழும்பில் கட்டுரை படித்தார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், அராபிய வமிசத்தை நிலைநாட்டி மறுப்பு எழுதினார். இந்த வழக்கின் உள்ளே கிடந்தது சட்டநிரூபண சபை ஆசனம். 1889 இல் சோனகருக்கு அவ்வாசனம் கிட்டியது. வாதம் மட்டும் ஓயவில்லை.

அது கொழும்பின் வாதம். நமது கரையின் வீட்டு முற்றத்தைப் பார்க்க வந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. 1969 இல் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கிய அவர், நாற்பது ஆண்டு உழைப்பின் பயனை 2008 இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன? அராபியர் தந்தை வழி எண்ணுபவர். நாமோ தாய் வழிக் குடி எண்ணுகிறோம். பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவழியே வந்தது. மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்கிறோம். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருகிறார். அயலூர் இந்துத் தமிழரிடமும் இவ்வழக்கம் உண்டு. எனினும் நாம் தனிச் சமூகமே என்பதை அவர் மறுக்கவில்லை. இனம் என்பது இரத்தத்தால் மட்டும் முடிவாவதன்று. அரசியலும் வாழ்வும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன என்றே காட்டினார்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். 2004 ஆம் ஆண்டுக் கடற்பேரலை இக்கரையின் வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. புதிய வீடுகள் வந்தபோது, பல இடங்களில் குடும்பத் தலைவன் என்று கணவன் பெயரே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்ப் பெண்ணுக்குரிய வீடு பேனா முனையில் கைமாறிற்று! மரணசாசனமின்றிக் கணவன் இறந்தால், 1931 ஆம் ஆண்டு முஸ்லிம் கட்டளைச் சட்டத்தின்படி பங்கு பிரியும். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒரு பங்கே. தாய் தந்த வீடாயின், அது முழுவதும் அவளுடையதாக அல்லவா இருந்திருக்கும்?

ஆகவே, உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் மனைவியின் பெயரையும் எழுதுமாறு பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வந்துவிட்டவர்கள், நன்கொடை உறுதிக்கு இடமுண்டா என்று நொத்தாரிசிடம் விசாரியுங்கள். பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்ற ஆராய்ச்சியை அறிஞர்கள் நடத்தட்டும். பாட்டியின் வீடு பேர்த்திக்குச் சேர வேண்டுமென்ற வழக்கை நாமே நடத்த வேண்டும்.