டேப்பின் மறுபக்கம்: எந்தப் பத்தாண்டின் பாட்டுத் தொகுப்புகள் பெயருக்குத் தகுந்தவை?

யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஐயா பாட்டு கேட்பதை ஒரு படிப்பாக மதித்தவர். பாட்டு ஓடும்போது யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். அதனால் பாட்டைப் பற்றியே பேச வந்தேன்.

நம் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் ஒரு வழக்கு எழும். அறுபதுகளின் பாட்டு பெரிதா, எண்பதுகளின் பாட்டா, தொண்ணூறுகளா? அந்த வழக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். தனிப்பாட்டை விட்டுவிடுவோம். ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாம் சேர்ந்து வந்த இசைத்தட்டையோ கேசட்டையோ முதலிலிருந்து கடைசிவரை கேட்டால், எந்தப் பத்தாண்டின் புகழ் நிற்கும்? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்பதுகள். அதற்கு நான் வைத்திருக்கும் சாட்சி ஒரு பழைய டேப்.

புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்த தோட்டம் எங்களுடையது. 1917இல் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான். எங்களிடம் அப்போது பால்மரம் பாதி, செம்பனை பாதி. அப்பா பால்வெட்டுக்காரர். 1981இல் சம்பளம் போட்ட மறுநாள், ஒரு கடிதாசியில் எட்டுப் பாட்டுகளை எழுதி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். பாட்டு பதிந்து கொடுக்கும் கடை அது. எட்டும் டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா பாட்டுகள். பாதிக்கு மேல் ஒரே ஆண்டில், 1961இல், பீம்சிங் இயக்கி விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ படங்களிலிருந்து.

அறுபது நிமிட டேப்பில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அப்பாவின் எட்டுப் பாட்டும் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டன. “மறுபக்கத்துக்கு என்ன போடட்டும்ண்ணே?” என்று கடைக்காரர் கேட்டார். “எதையாச்சும் போட்டு நெரப்புப்பா, காசு குடுத்த டேப்பு சும்மா கெடக்கக் கூடாது” என்றார் அப்பா. கடைக்காரர் போட்டது ‘நிழல்கள்’. முந்தின ஆண்டு தீபாவளிக்கு வந்து ஓடாமல் போன பாரதிராஜா படம். நான்கே பாட்டுகள். அவை முடிந்ததும் வெறும் இரைச்சல் டேப் தீரும்வரை ஓடும். அப்பா அந்த இரைச்சலிலேயே தூங்கிவிடுவார், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எழவேண்டுமே.

அந்த ஒரு டேப்பில் இரண்டு பத்தாண்டுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. ஒரு பக்கம், இருபது வருட வானொலி சலித்துச் சலித்துக் கொடுத்த மணிகள். மறுபக்கம், யாரும் கேட்காமல் வந்த ஒரு தோல்விப் படத்தின் பாட்டுகள், ஒன்றுகூடக் குறையாமல்.

அறுபதுகளின் புகழைப் பற்றி என் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டுகளின் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. கண்ணதாசன் எழுதிய எளிமையில், சாவு வீட்டிலும் தாலாட்டிலும் ஒரேபோல் பொருந்தும் சொற்களை அதற்குப் பிறகு யாரும் தந்ததில்லை. ஆனால் தோட்டத்து மக்கள் அவற்றைத் தொகுப்பாகக் கேட்கவே இல்லை. இசைத்தட்டு வாங்க யாரிடம் காசு இருந்தது? நேயர் விருப்பத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டோம். நல்லவற்றை வானொலி திரும்பத் திரும்பப் போட்டது, மற்றவை காற்றோடு போயின. எண்பது பாட்டில் எட்டு தங்கினால், அந்த எட்டின் பெருமையை எண்பதுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறோம். ‘கர்ணன்’ போல முழுதும் நிற்கிற தொகுப்புகள் உண்டு. அவை விதிவிலக்கு என்பதே என் எண்ணம்.

இனி மறுபக்கம். ‘நிழல்கள்’ படத்தின் நான்கில் ஒன்று வைரமுத்து திரைக்கு எழுதிய முதல் பாட்டு. ஒன்று வாலி எழுதி எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய ‘மடை திறந்து’. ஒன்றை தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடினார்கள். நான்காவது, எஸ்.ஜானகி பாடியது, படத்திலேயே இடம்பெறவில்லை. இதை யோசித்துப் பாருங்கள். படம் ஓடவில்லை, ஒரு பாட்டுக்குப் படத்தில் இடமே இல்லை. ஆனாலும் நான்கில் எதையும் தள்ளிவிட்டுக் கேட்க மனம் வராது.

என் அக்கா பள்ளி நோட்டில் பாட்டெழுதி வைப்பார். ஒரு வரி ஓடவிட்டு, பட்டனை அமுக்கி நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு எழுதுவார். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றவேண்டும். அப்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. முதல் சரணத்துக்கு முன் வருகிற வாத்திய இசை ஒன்று, இரண்டாவது சரணத்துக்கு முன் வருவது முற்றிலும் வேறொன்று. “ஏன்டா தம்பி, நடுவுல வேற பாட்டு வருது?” என்று அக்கா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. எங்கள் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் கிதார் கேட்கவே கேட்காது. அப்படி ஒன்று அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது என்பது பத்து வருடம் கழித்து நல்ல கருவியில் கேட்டபோதுதான் தெரிந்தது. பாதி காணாமல் போயும் அந்தப் பாட்டுகள் எங்களுக்கு முழுசாகவே இருந்தன.

இந்தப் பாட்டுகளைத் தந்த இளையராஜா சில ஆண்டுகளில் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தார். அத்தனையிலும் தரம் ஒன்றுபோல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சொற்கள் பல இடங்களில் தேய்ந்தவை. ஆனால் யாரும் எதிர்பார்க்காத படத்தின் தொகுப்பைக்கூடத் தைரியமாகக் கையில் எடுக்கலாம் என்ற நிலை அந்தப் பத்தாண்டில் மட்டும்தான் இருந்தது. 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்கு மெட்டுகள் முதலில் பிறந்தன, எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியே அவர் கொடுத்தார், கதை பிறகு வந்தது என்பது திரையுலகில் நெடுநாளாகச் சொல்லப்படுகிற செய்தி. தொகுப்பு என்ற எண்ணத்துக்கு இதைவிட மரியாதை என்ன?

தொண்ணூறுகளுக்கு ஊர் மெச்சிய பட்டியல்கள் துணை. 1992இல் வந்த ‘ரோஜா’வை அமெரிக்காவின் டைம் இதழ் 2005இல் எக்காலத்துக்குமான பத்துச் சிறந்த திரையிசைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தப் புகழை ஏ.ஆர்.ரகுமான் உழைத்துச் சம்பாதித்தார். ‘ரோஜா’, ‘திருடா திருடா’, ‘பம்பாய்’ மூன்றையும் தனித்தனியே எண்பதுகளின் எந்தத் தொகுப்போடும் நிறுத்தலாம். ஆனால் அந்தச் சிகரங்களிலிருந்து இறங்கினால் பள்ளம் சீக்கிரம் வந்துவிடுகிறது. பத்தாண்டின் மற்றப் பாட்டுகளில் பலவற்றை இன்று யார் தேடுகிறார்கள்?

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பயம் உண்டு. எண்பதுகளில் எனக்கு வாலிப வயது. லயத்து வீடு இருந்தது, பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். பிறகு பால்மரங்கள் விழுந்தன, தோட்டம் கைமாறியது, சனம் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனது. தொலைந்த தோட்டத்தின் மேல் உள்ள ஏக்கத்தைத்தான் இசையின் தகுதி என்று நினைத்துக்கொள்கிறேனோ? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் இருந்தேன்.

விடை தோட்டத்தைப் பார்க்காத பிள்ளைகளிடமிருந்து வந்தது. 1998இலேயே நம் நாட்டின் பொயட்டிக் அம்மோ குழு பல மொழிகளில் ராப் பாடி இசைத்தட்டுப் போட்டது. அதில் பாடிய யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரையும் நட்சத்திரா என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். நம் வழக்கில் இந்த மண்ணின் தொகுப்புகளை யாரும் எடைத்தட்டில் வைப்பதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ‘வல்லவன்’ சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. அந்த இளைஞர்கள் தங்கள் ராப்புக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்ட பழைய பாட்டுதான் ‘மடை திறந்து’. கையருகே ‘ரோஜா’ இருந்தது, எம்.எஸ்.விஸ்வநாதன் இருந்தார். அவர்கள் போய் நின்றது 1980இன் தோல்விப் படத்தின் வாசலில்.

பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய 2007இல், அங்கே ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மேடையில் பையன்கள் ‘வல்லவன்’ பாட்டைப் போட்டார்கள். பெரியவர்கள் சத்தம் தாங்காமல் வெளியே போனார்கள். அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போகலாம் என்று கை கொடுத்தேன். அவர் எழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ராப்புக்கு நடுவில் அந்தப் பழைய மெட்டு வந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏன்டா, இது அந்த மிச்ச டேப்புல இருந்த பாட்டுதானே?”