குடலைச் சுத்தம் செய்யும் மருந்தும் சிறுநீரக நோயாளரும்

(மாதர் பிரிவின் சுகாதாரக் கூட்டத்தில் தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



மலத்தோடு இரத்தம் போகிறது, காரணம் தெரியாமல் உடம்பில் இரத்தம் குறைகிறது என்று கிளினிக்குக்குப் போனால், சில வேளை கொலொனொஸ்கொபி செய்யச் சொல்வார்கள். ஆசனவாயில் கமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை அது. உள்ளே மலம் கிடந்தால் புண்ணும் கட்டியும் கண்ணில் படாது. அதனால்தான் முன்கூட்டியே பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்கிறார்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். எல்லாப் பேதி மருந்தும் ஒன்றல்ல. சோடியம் பொஸ்பேட் மருந்தைக் குடித்தால், அந்தப் பொஸ்பேட் கல்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிந்து, மிச்சமிருக்கும் சக்தியையும் கெடுத்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் இதுபற்றிக் கடுமையாக எச்சரித்தது. மக்னீசியம் கலந்த மருந்தும் ஆபத்துத்தான். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் தேங்கும்.

இவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பது 'பெக்' என்னும் பொலிஎதிலீன் கிளைக்கோல் தூள். தண்ணீரில் கரைத்துக் குடித்தால், உடம்பில் சேராமல் குடல் வழியாகவே போய்விடும். ஆனால் 2 முதல் 4 லீற்றர் வரை குடிக்க வேண்டியிருக்கும். பாதியை முதல் நாள் மாலையும் மீதியை அன்று விடியற்காலையும் குடிக்கச் சொல்வது வழக்கம்.

ஆகவே திகதி எடுக்கும்போதே, "எனக்குச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வேறு பேதி மருந்து வாங்க வேண்டாம்.

பிரஷர் மாத்திரை, நீர் போகும் மாத்திரை, சீனி மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றில் எதை எப்போது நிறுத்துவது என்று டொக்டரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை குடிப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே கேட்க வேண்டும். இடுப்பு வலிக்கு டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் குடிக்காதீர்கள்.

பேதியில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் மேலும் கெடும். பால் சேர்க்காத பிளேன்டீ குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கேட்காமல் குடிக்காதீர்கள். டயலிசிஸ் செய்பவர்களும் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. பல லயங்களில் கழிவறை வெளியே இருக்கிறது. இரவில் பத்துத் தடவை இருட்டில் படியிறங்கிப் போகும் வயதானவர் மயங்கி விழலாம். முதல் நாளே வார்டில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, பாதுகாப்பு. முடியாவிட்டால் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். மயக்கம், விடாத வாந்தி, சிறுநீர் குறைவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு நாள் பேர் போகுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். லீவுக்கும் வாகனத்துக்கும் பேசுவது சங்கத்தின் வேலை. தலைவர்மாரே, இதையும் உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.