ஜாம்பியாவில் தம்பியுடன் ஐந்து வாரம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் பிரயாண அனுபவம் ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜாம்பியா என்றதும் விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. ஐந்து வாரமும் ஓர் அடிபம்பைச் சுற்றியே கழிந்துவிட்டது.

என் தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். சிவில் டிப்ளமா படித்துவிட்டுக் கிராமக் குடிநீர் வேலைக்காக ஆப்பிரிக்கா போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2009 ஜனவரியில் அம்மா காலமானபோது அவனால் பத்தாம் நாள்தான் வர முடிந்தது. "ஊரானுக்குத் தண்ணி இறைக்கத் தெரிஞ்சவனுக்குப் பெத்தவ வாயிலே ஒரு உத்தரணி தீர்த்தம் விட முடியலை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மழையில் பாதை அறுந்துவிட்டது என்று ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. அதன்பின் தீபாவளிக்குத் தீபாவளி போன், அவ்வளவுதான்.

2023 ஜூனில் எனக்கே 74 வயதாகிவிட்டது. அவனையும் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று கிளம்பினேன். நாக்பூரிலிருந்து மும்பை, அடிஸ் அபாபா வழியாக லுசாகா. அங்கிருந்து கிழக்கே நெடுஞ்சாலையில் சுமார் 400 கிலோமீட்டர் போனால், லுவாங்வா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பெடாவுக்கே என்ற சிற்றூர். அதற்கும் அப்பால் மண் பாதையில் அவன் இருக்கும் கிராமம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் கொண்டுபோகாதது என் முட்டாள்தனம். அந்த மேட்டு நிலத்தில் ஜூன் இரவுகள் நம் மார்கழியைத் தோற்கடிக்கும்.

மாமிகள் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பீர்கள். கஷ்டமே இல்லை. மக்காச்சோள மாவைக் களி மாதிரி கிளறி 'ந்ஷிமா' என்கிறார்கள். தொட்டுக்கொள்ள, பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த கூட்டு. 'மாபிசி' என்று புளித்த பால். தயிருக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி கருவேப்பிலைச் செடிகூட வளர்த்திருந்தான்.

மறுநாள் காலை பம்படிக்கு அழைத்துப்போனான். பார்த்ததும் திகைத்தேன். நம் ஊர் 'இந்தியா மார்க் 2'. சோலாப்பூர் பணிமனையில் உருவான பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் உதவியுடன் 1970களில் வடிவமைத்து, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதித்து, சென்னையில் தயாரிக்க ஆரம்பித்தார்களே, அதே பம்பு. ஜாம்பியாக் கிராமங்களில் இதுதான் பரவலாக இருக்கிறது. ஆனால் இந்தப் பம்பில் ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை. பெண்கள் வாளியோடு அதைத் தாண்டி, ஓடை மணலில் தோண்டிய ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பம்புத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துவிடுகிறதாம், துணி பழுப்பாகிறதாம்.

நான் ரசாயனப் பட்டதாரி. 31 வருஷம் அரசாங்க ஆய்வகத்தில் தண்ணீரைத்தான் பார்த்தேன். பையில் மோர்மிளகாயோடு பி.ஹெச். தாளும் எடுத்துப்போகிற ஜாதி நான். தண்ணீரை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "பாறையிலே இரும்பு இருக்குடா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று தீர்ப்புச் சொன்னேன். தம்பி சிரித்தான். "அண்ணா, நாளைக்குக் கார்த்தாலே நீயே பாரு" என்றான்.

விடியுமுன் போனோம். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தான். அப்புறம் ஆள் மாற்றி ஆள் அடித்து ஒரு மணிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றி, இரண்டாவது பாட்டில். இரண்டும் முதலில் கண்ணாடி மாதிரி தெளிவு. கரைந்த இரும்பு காற்றுப் பட்டால்தான் நிறம் காட்டும். மத்தியானத்துக்குள் முதல் பாட்டில் செங்கல் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. இரண்டாவது அப்படியே இருந்தது. பாறையிலிருந்து இரும்பு வந்தால் எவ்வளவு அடித்தாலும் குறையக் கூடாது. இது குழாயிலிருந்து வருகிறது. தாளை நனைத்தேன், பி.ஹெச். 6. ஆறரைக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் துத்தநாகப் பூச்சு நிற்காது. பூச்சுப் போனபின் இரும்பே கரையும். மேற்கு ஆப்பிரிக்காவில் 1980களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் சர்வீஸில் "இயற்கையாகவே இரும்பு மிகுதி, குடிக்க உகந்ததல்ல" என்று எத்தனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! பாட்டிலைப் பார்த்தேனே தவிர, அதை எத்தனை மணிக்கு, எவ்வளவு அடித்தபின் பிடித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவற்றில் எத்தனை கிணறு நல்ல கிணறோ? எத்தனை ஊரில் பெண்கள் என் கையெழுத்தை நம்பிக் குட்டைக்குத் திரும்பினார்களோ? இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்த வாரம் பம்பைக் கழற்றினார்கள். தம்பி பயிற்சி கொடுத்த ஆறு பேர், அதில் இரண்டு பெண்கள். மூன்று மூன்று மீட்டர்க் குழாயாக மேலே இழுக்க வேண்டும். மரையருகே அரித்து, விரல் நுழையும் ஓட்டை. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கினார்கள். விலை பல மடங்கு. அதற்காகத் தம்பி இரண்டு வருஷம் நடையாய் நடந்திருக்கிறான்.

பம்படியில் ஒரு கிழவி என்னிடம் வந்து, முழங்காலை மடக்கி, கையைக் குவித்து மெல்லத் தட்டினாள். அங்கே பெரியவர்களுக்கு மரியாதை செய்யும் முறை அது. பேச்சில் "அமாய், அமாய்" என்று வந்தது. சின்யாஞ்சா மொழியில் அமாய் என்றால் அம்மா. தம்பி மொழிபெயர்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் எனக்கு இங்கிலீஷில் சொன்னார்.

2009-ல் செய்தி சைக்கிளில் வந்ததாம். ஓடை பெருகி, வண்டி எதுவும் தாண்ட முடியவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, ஆண்கள் தம்பி வீட்டு வாசலில் நெருப்பு மூட்டி மூன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் உள்ளே தரையில் படுத்து, முகம் தெரியாத நம் அம்மாவுக்காக அழுதிருக்கிறார்கள். நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் நாலு பேர் அவனைக் கைப்பிடித்து ஓடையைக் கடத்திவிட்டிருக்கிறார்கள். அந்தக் கிழவியின் பிள்ளை அதில் ஒருவன்.

அன்றிரவு தம்பியிடம், "ஏண்டா என்கிட்டே சொல்லலை?" என்றேன்.

"நீ அப்போ கேக்கற நிலையிலே இல்லைண்ணா" என்றான்.

அவனை அழைத்து வருகிற பேச்சை நான் எடுக்கவேயில்லை. 2024-ல் அங்கே கடும் வறட்சி. பிப்ரவரியில் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தார்கள். சோளம் கதிர் விடாமல் காய்ந்ததாம். போனில் கேட்டேன். ஓடை ஊற்று வற்றிவிட்டது, பம்பு ஓடுகிறது, விடிகாலை மூன்று மணிக்கே வரிசை நிற்கிறது என்றான்.

பி.ஹெச். தாள் பத்துக் கட்டும் காபிப் பொடி இரண்டு கிலோவும் கேட்டிருக்கிறான். லுசாகா பக்கம் போகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.