செஞ்சிக் கோட்டையும் அதன் தண்ணீரும்

 

வைட்ஃபீல்டில் வேலை செய்யும் தமிழர்கள் பலர் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவது உண்டு. கிரிவலம் சுற்றுவார்கள். விடிந்ததும் பஸ் ஏறித் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் போனால் செஞ்சி. அங்கே பெரிய மலைக்கோட்டை ஒன்று இருக்கிறது. தேசிங்குராஜன் கதையைத் தெருக்கூத்தில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தத் தேசிங்கு ஆண்ட கோட்டைதான் அது. கதை தெரிந்த பலருக்குக் கோட்டை தெரியாது. இன்று அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசுவோம்.

போகும் வழியில் கிருஷ்ணகிரி வரும். அங்கேயும் மலை மேல் கோட்டை உண்டு. கீழே ஊருக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகம் என்றால் பழைய பொருள்களைக் காத்து வைத்து மக்களுக்குக் காட்டும் இடம். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஊர் மாடுகளைப் பகைவர் ஓட்டிச் சென்றபோது மீட்கப் போராடி இறந்தவர்கள் உண்டு. அவர்களுக்காக நட்ட கற்கள் இவை. கையில் ஆயுதத்தோடு நிற்கும் வீரனைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். சில கற்களில் எழுத்தும் இருக்கும். அது வட்டெழுத்து. கல்லூரி போனவர்களும் அதைப் படிக்கத் திணறுவார்கள். ஆகவே யாரும் கூச்சப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துப் புறப்பட வேண்டும்.

இனி செஞ்சிக்குப் போவோம். திருவண்ணாமலையிலிருந்து போகும் சாலை கோட்டை மதிலை ஊடுருவிச் செல்கிறது. ஊருக்கு முன்பே கோட்டை வந்துவிடும். பஸ்ஸில் தூங்கிவிட்டால் கோட்டையைத் தாண்டிப் போய்விடுவோம்.

அங்கே இருப்பது ஒரு மலை அல்ல, மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று பெயர். மூன்றையும் சேர்த்து மதில் கட்டியிருக்கிறார்கள். மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் அகலம் 60 அடி. அதற்கு வெளியே 80 அடி அகலத்துக்கு அகழி. ராஜகிரிதான் உயரமான மலை. அது சுமார் 800 அடி. மலை முழுவதும் பெரிய பெரிய பாறைகள். யாரோ கொண்டுவந்து கொட்டியதுபோல் இருக்கும்.

இந்தக் கோட்டையை யார் கட்டினார்கள்? கோனார்கள் தொடங்கினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிறகு விஜயநகர அரசின் கீழ் இருந்த செஞ்சி நாயக்கர்கள் பெரிதாகக் கட்டினார்கள். பிறகு பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் மொகலாயர் பிடித்தனர். 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் பிடித்தனர். ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல் சுமந்தவர்கள் மட்டும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் கோட்டைக்குப் பலம் எது? மதில் என்று சொல்வோம். பீரங்கி என்று சொல்வோம். மேலே ஏறிப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும்.

1690இல் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகை இட்டது. சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது உள்ளே இருந்தார். முற்றுகை என்றால் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொள்வது. உள்ளே ஒரு மூட்டை அரிசி போகக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் போகக் கூடாது. பசியும் தாகமும் வந்தால் உள்ளே இருப்பவர்கள் தாமே கதவைத் திறந்துவிடுவார்கள். இதுதான் கணக்கு. ஆனால் செஞ்சி சுமார் எட்டு ஆண்டுகள் தாங்கியது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் வேண்டுமென்றே காலம் கடத்தினான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உள்ளே சோறும் தண்ணீரும் இல்லை என்றால் எட்டு மாதம்கூடத் தாங்காது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ராஜகிரி மலை மேலேயே ஊற்றுச் சுனை உண்டு. மழைநீரைத் தேக்கும் குளங்களும் உண்டு. பாறையில் விழும் மழை வீணாக ஓடவில்லை. சரிவு பார்த்து அதைத் திருப்பித் தேக்கினார்கள். மலையின் அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று இரண்டு குளங்கள். உள்கோட்டையில் யானைக்குளம். அருகில் கல்யாண மகால் என்ற மாளிகை இருக்கிறது. நடுவில் கோபுரம்போல் மாடி மேல் மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் சின்னதாக ஓர் அறைதான். அந்த மாளிகைக்குச் சுட்ட மண் குழாய்கள் வழியே தண்ணீர் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இல்லை. மோட்டார் இல்லை. உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது தண்ணீரின் குணம். அந்தக் குணத்தை வைத்தே வேலை வாங்கினார்கள்.

தானியக் களஞ்சியத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. சுவர் அவ்வளவு தடிமன். மேலே வளைவுக் கூரை. வெயில் நேரத்திலும் உள்ளே குளுமையாக இருக்கும். ஈரமும் எலியும் நெல்லுக்கு எதிரி. இரண்டையும் தடுக்கவே இந்தத் தடித்த சுவர். கிருஷ்ணகிரி மலை மேலும் களஞ்சியம் உண்டு. எண்ணெய் சேமிக்கக் கிணறுபோன்ற தொட்டியும் உண்டு.

இதைக் கேட்கும்போது நம் வைட்ஃபீல்டு நினைவுக்கு வருகிறது அல்லவா? 2024 கோடையில் இங்கே என்ன நடந்தது? போர்வெல்கள் வற்றின. டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். இருபது மாடிக் குடியிருப்புக்காரர்களும் வாளி எடுத்தார்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியும், தம் வீட்டுக் குடம் நிரம்பும்முன் வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி அந்தத் தண்ணீர் வருகிறது. வர்த்தூர் ஏரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் தண்ணீரைக் குடிக்க முடியாது. கழிவுநீர் கலந்து ஒருகாலத்தில் அதில் நுரை பொங்கியதை ஊரே பார்த்தது. செஞ்சியில் குளத்தைக் கெடுத்தவனைப் படை சும்மா விட்டிருக்குமா?

சரி, மலை ஏறுவோம். ராஜகிரிக்குக் காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் பாறை சுடும். கையில் தண்ணீர் பாட்டில் அவசியம். குரங்குகள் அதிகம். தின்பண்டப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் பை நம்முடையது அல்ல. இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் கீழேயே சுற்றிப் பார்க்கலாம். பார்க்க வேண்டியவை கீழேயே நிறைய உண்டு.

உச்சிக்குச் சற்று முன்பு பாறையில் ஆழமான பிளவு ஒன்று வரும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. முன்பு அதன் மேல் தூக்குப் பாலம் இருந்தது. பகைவர் வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் போக வேறு வழி இல்லை. இப்போது நிலையான பாலம் இருக்கிறது. பயப்படாமல் நடக்கலாம். உச்சியில் ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் ஒரு பீரங்கியும் உள்ளன. அங்கிருந்து பார்த்தால் மூன்று மலைகளையும் மதில் எப்படிக் கோத்திருக்கிறது என்பது புரியும்.

கீழே வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. அதன் அழகான கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு எடுத்துச் சென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து போனவைதான்.

இப்போது கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ என்ற உலக அமைப்பு மராத்தியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று நம் செஞ்சி. ஆனாலும் இதுபோன்ற கோட்டைச் சுவர்களில் கரியாலும் ஆணியாலும் தம் பெயரை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. கையெழுத்துப் போடக் கற்றவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கற்றதைக் காட்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

கடைசியாகத் தேசிங்குக்கு வருவோம். அவர் பெயர் தேஜ்சிங். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங் இறந்த பின் செஞ்சிக்கு வந்து ஆட்சியை ஏற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பணம் கேட்டார். தேசிங்கு கட்ட மறுத்தார். 1714இல் நவாபின் பெரும்படை வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். அப்போது செஞ்சி ஆற்றில் வெள்ளம் என்று கதை சொல்கிறது. எட்டு ஆண்டுகள் தாங்கிய கோட்டைக்குள் அவர் இருந்திருக்கலாம். சுனையும் களஞ்சியமும் இருந்தன. இருக்கவில்லை. ஆற்றில் குதிரையை இறக்கி, வெட்டவெளியில் போய்ப் போரிட்டார். அவருடைய உயிர் நண்பர் மகபத்கான் ஒரு முஸ்லிம். அவரும் உடன் நின்று உயிர் விட்டார். தேசிங்கும் இறந்தார். வயது இருபதுக்குச் சற்று மேல். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். கூத்தில் அந்த இடம் வந்தால் இன்றும் பெண்கள் அழுகிறார்கள். அவள் உயிர் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று யாரும் பாடவில்லை.

வென்ற நவாபின் பெயரால் கட்டிய மசூதி கோட்டைக்குள் இருக்கிறது. தேசிங்கின் உடலை எரித்த இடம் என்று செட்டிக்குளத்தின் கரையைக் காட்டுகிறார்கள்.