கப்பலும் கரையும்



இன்பச் சுற்றுலாவுக்குக் கப்பலேறுவோர்க்கு மார்க் ட்வைனின் பட்டறிவு இன்றும் உதவும். முன்பே ஹவாய்த் தீவுகளைக் கண்டு எழுதியவர் அவர். 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' கப்பலில் மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் புறப்பட்டார். கட்டணம் 1,250 டாலர்; பயணம் ஐந்து மாதங்களுக்கும் மேல். இரவு வழிபாடும் டாமினோ ஆட்டமுமாகக் கழிந்த கப்பல் வாழ்வு அவருக்குச் சலித்தது.

கரை சலிக்கவில்லை. ஏதென்ஸை அடுத்த பைரேயஸ் துறையில், தொற்றுநோய் அச்சத்தால் எவரும் இறங்கக் கூடாதென்று தடை. அவரும் வேறு மூவரும் இரவில் களவாக இறங்கி, திராட்சைத் தோட்டங்களூடே நடந்து, நிலவொளியில் பார்த்தினான் கோயிலைக் கண்டு மீண்டனர். 1869இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் உயிர்ப்பு மிக்க பக்கங்கள் அவை.

தடையை மீறுக என்பதன்று இதன் பாடம். இன்றைய பெருங்கப்பல்கள் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து வந்து, பல ஊர்களில் சில மணி நேரமே நிற்கின்றன. ஊர்களும் அச்சுமையால் நலிகின்றன. வெனிஸ் நகரின் நடுவே பெருங்கப்பல்கள் செல்வதை 2021இல் இத்தாலி தடுத்தது. ஆதலின் சிறிய கப்பலைத் தேர்க. குறைந்த துறைகளில் நெடிது தங்கும் பயணத்தை நாடுக. இறங்கியதும் காலால் நடக்க.

கவிஞர்க்கும் இது பொருந்தும். யாப்பு கரைவரை கொண்டு சேர்க்கும். இறங்கி நடக்க வேண்டியவர் கவிஞரே.