புலம்பலா, நம்பிக்கையா?



தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கால் கடுக்க ஏறியவருக்கு மேலே தரிசனம் உண்டு. "கீழே இறங்கி மறுபடியும் ஏறு, அப்போதும் தரிசனம் நிச்சயமில்லை" என்றால் கோபம் வராதா?

கணினி விளையாட்டுப் பிள்ளைகளின் கோபமும் அதுதான். 2012 மே மாதம் டயாப்லோ 3 வந்தது. கதை முடிந்து, அசுரனும் வீழ்ந்த பிறகு, நல்ல ஆயுதம் தேடி அதே களங்களில் மீண்டும் மீண்டும் போர். கிடைத்ததோ பெரும்பாலும் குப்பை. நல்லது வேண்டுமா? ஏலச் சந்தைக்குப் போ! பல நாடுகளில் நிஜப் பணத்துக்கே வியாபாரம் நடந்தது. உழைத்தவனுக்கு என்ன மதிப்பு, நடுவர் அவர்களே?

வேலையற்றவர்களின் புலம்பல் என்கிறது எதிரணி. அந்தப் புலம்பல் என்ன செய்தது தெரியுமா? 2014 மார்ச் 18ஆம் தேதி ஏலச் சந்தையை நிறுவனமே மூடியது. போரில் கிடைக்கும் பொருள்களின் தரமும் உயர்ந்தது. அதே மாதம் வந்த விரிவாக்கத்தில், கதையைத் திரும்ப ஓட்டாமலே உலகெங்கும் வேட்டையாட வழி பிறந்தது.

2024 டிசம்பரில் பாத் ஆஃப் எக்ஸைல் 2 வந்தது. கதைக்குப் பிந்திய களங்களில் ஒருமுறை செத்தால் அந்தக் களமே கைவிட்டுப் போகும். விளையாடியவர்கள் கொதித்தார்கள். 2025இல் கூடுதல் வாய்ப்புகள் கிடைத்தன.

வெறுத்தவன் பேசாமல் எழுந்து போய்விடுவான். நாளையும் விளையாட நினைப்பவன்தான் உட்கார்ந்து குறை சொல்வான். எனவே அது புலம்பல் அல்ல, நம்பிக்கையே!