பெரிய விமானமா, பொருத்தமான விமானமா?

தோட்டத்தில் முதிர்ந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்வதென்றால் நிர்வாகம் எளிதில் முடிவெடுப்பதில்லை. பழைய மரம் தரும் பலன் எவ்வளவு, அதைப் பேணும் செலவு எவ்வளவு, புதுக்கன்று காய்க்கும்வரை கையிருப்பு தாங்குமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தொலைதூர விமானங்களை மாற்றும் நிறுவனம் போடுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். நம் நாட்டு மலேசியா ஏர்லைன்ஸ் கண்ட அனுபவத்தையே பார்ப்போம்.

2012ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஏர்பஸ் ஏ380 விமானத்தை லண்டன் தடத்தில் பறக்கவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வந்து சேர்ந்தன. இரண்டு தளங்கள், நான்கு இயந்திரங்கள், 494 இருக்கைகள். செப்பாங்கில், சுற்றிலும் செம்பனை சூழ்ந்த விமான நிலையத்தில் அது இறங்கும் காட்சி பெருமிதமாகத்தான் இருந்தது. ஆனால் 494 இருக்கையும் நாள்தோறும் நிரம்ப வேண்டுமே! பழக்குலை ஏற்றும் லாரியை எண்ணிப் பாருங்கள். பாதிச் சுமையோடு ஆலைக்குப் போனாலும் ஓட்டுநரின் சம்பளம் குறையாது, டீசலும் பாதியாகிவிடாது. விமானத்திலோ இந்த நட்டம் பன்மடங்கு.

ஆகவே 2018இல், 286 இருக்கைகளும் இரண்டே இயந்திரங்களும் கொண்ட ஏ350 விமானம் லண்டன் தடத்தை ஏற்றது. பெரியவை மெக்கா யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றன. கொரோனா காலத்தில் தரையில் நின்றன. கடைசியில் ஏர்பஸிடமே திரும்பின. விமானத்தைக் குறை சொல்வதற்கில்லை என்பதே என் கருத்து. நம் தடங்களுக்கு அது பெரிதாகிப்போயிற்று.

அடுத்த தேர்வு 2022 ஆகஸ்டில் நடந்தது. பழைய ஏ330 விமானங்களுக்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏ330-900 விமானங்கள் 20 வாங்க முடிவாயிற்று. பழையதைவிட இருக்கை ஒன்றுக்கு 14 விழுக்காடு எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இருக்கைகள் 297. ஒரே குடும்பம் என்பதால் விமானிகளுக்குக் குறுகிய பயிற்சியே போதும். பழுதுபார்ப்போருக்கும் பழகிய கைவேலை. விலைப்பட்டியலில் தெரியாத ஆதாயம் இது.

பணம் கட்டிய முறையும் கவனிக்கத்தக்கது. பத்தை ஏர்பஸிடம் வாங்கவும், பத்தை அயர்லாந்தின் ஏவலோன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கவும் ஏற்பாடாயிற்று. வாடகை என்றால் முதலிலேயே பெருந்தொகை முடங்காது. காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை கட்டியே ஆகவேண்டும். கடைக்கணக்கு வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விமானத்தைத் தேர்ந்தெடுத்த மறுநாளே அது கைக்கு வந்துவிடாது. 2022இல் கேட்ட விமானங்களில் முதலாவது, 2024 நவம்பர் இறுதியில்தான் வந்தது. வந்த புதிதிலேயே தயாரிப்புக் குறைபாடுகள் தெரிந்து, சில நாட்கள் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. டிசம்பரில் மெல்பர்ன் நகருக்குப் பறக்கத் தொடங்கியது. அப்படியிருந்தும் 2025 ஜூலையில் அதே வகையில் மேலும் 20 விமானங்களுக்கு நிறுவனம் சொல்லிவைத்திருக்கிறது.